ஏர்கன்னுக்கு லைசென்ஸ் கேட்டு மனு கிளம்பினால்: ராமநாதபுரம் கரையோர உரிமையாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிராம சபையில் ஒரு தீர்மானம், கலெக்டர் ஆபீஸில் ஒரு கூட்டு மனு, வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கையெழுத்து இயக்கம். எந்த வடிவில் வந்தாலும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "பறவைகளைச் சுடுகிறார்கள், ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் கட்டாயமாக்குங்கள்." அந்தப் பக்கம் தொண்டியிலிருந்து இந்தப் பக்கம் சாயல்குடி வரைக்கும், ஏர்கன் (பெல்லட் என்ற சிறு குண்டைக் காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, அதில் சிறிய வகைக்கு இப்போது லைசென்ஸ் தேவையில்லை) வைத்திருக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுவதைப் பார்த்துவருகிறேன். சிலர் கோபத்தில் அன்றைக்கே எதையாவது எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பலர் துப்பாக்கியைப் பரணில் ஏற்றிவிட்டு வாயே திறப்பதில்லை. இரண்டுமே எதிர்த்தரப்புக்குத்தான் வசதி.

இதில் வரிசை முக்கியம். முதலில் மனுவைப் புரிந்துகொள்ள வேண்டும், அடுத்து உங்கள் கையில் இருப்பதைச் சரிபார்க்க வேண்டும், அப்புறம் ஆள் சேர்க்க வேண்டும். எழுதுவது கடைசி வேலை. வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. மனு யாருக்குப் போகிறது என்று பாருங்கள்

மனுவின் நகலை முதலில் கையில் வாங்குங்கள். யாரோ ஃபோனில் சொன்னதை வைத்து ஆரம்பிக்காதீர்கள். "ஏர்கன்னைத் தடை செய்யச் சொல்கிறார்களாம்" என்று ஊருக்குள் பேச்சு இருக்கும். வாங்கிப் பார்த்தால் "கண்மாய்க்கரையில் சுடுவதைத் தடுக்க வேண்டும்" என்று மட்டும்தான் இருக்கும். அதை எதிர்த்து நீங்கள் மனு போட்டால், கண்மாய்க்கரையில் சுட அனுமதி கேட்கிற ஆளாகப் பதிவாகிவிடுவீர்கள்.

கோரிக்கையைப் படித்ததும் அது கீழ்க்கண்ட எதில் சேரும் என்று பிரியுங்கள். ஒரே மனுவில் இரண்டு மூன்று கலந்தும் இருக்கலாம்.

லைசென்ஸ் கேட்பது. ஆயுதம், துப்பாக்கி, வெடிமருந்து எல்லாம் அரசியலமைப்பின் ஒன்றிய அரசுப் பட்டியலில் வருகிறவை. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் டெல்லியில் உள்துறை அமைச்சகம் கையாள்வது. எந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற விதியைக் கலெக்டர் மாற்ற முடியாது. கிராம சபையும் மாற்ற முடியாது. அவர்கள் செய்யக்கூடியது மேலே பரிந்துரை அனுப்புவதுதான்.

பறவை பாதுகாப்பு கேட்பது. இது வனத்துறையின் வேலை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, கடுமையாகவே இருக்கிறது.

பொது இடத்தில் சுடுவதையும் பையன்கள் கையில் துப்பாக்கி இருப்பதையும் பற்றியது. இது போலீஸ், வருவாய்த்துறை பக்கம். ஒரு குறிப்பிட்ட இடத்துக்குக் குறிப்பிட்ட காலம் தடை உத்தரவு போடும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கு உண்டு. உங்கள் அன்றாடத்தை உடனே தொடக்கூடியது இதுதான். ஆனால் பெரும்பாலான உரிமையாளர்கள் இதைக் கவனிக்காமல் லைசென்ஸ் என்ற சொல்லையே பிடித்துத் தொங்குகிறார்கள்.

தாமாக ஒப்படைக்கச் சொல்வது. அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் இப்படி ஓர் இயக்கம் தொடங்கியது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, வேட்டையை விட்டுவிட்டு ஏர்கன்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். சில மாதங்களிலேயே ஆயிரத்துக்கு மேல் வந்து சேர்ந்தது, பிரதமரும் வானொலியில் பேசினார். அதன் பிறகு மற்ற மாநிலங்களிலும் இதை உதாரணம் காட்டுவார்கள். நினைவில் வையுங்கள்: அது தாமாகக் கொடுப்பது, கட்டாயம் கிடையாது. உங்கள் ஊரில் யாராவது கொடுக்க விரும்பினால் தடுக்காதீர்கள். யாரிடம் கொடுத்தார், என்ன எண் என்று எழுத்தில் ரசீது வாங்கச் சொல்லுங்கள்.

2. உங்கள் துப்பாக்கியை அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டி யாரும் பேனாவைத் தொடக் கூடாது என்பேன். "எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை" என்று கையெழுத்துப் போட்டவர் வீட்டில் லைசென்ஸ் தேவைப்படுகிற துப்பாக்கி இருந்தால், அவரோடு சேர்ந்து உங்கள் எல்லாருடைய மனுவும் போச்சு.

2016 விதிகளின்படி எல்லைக்கோடு இரண்டு. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதாவது .177 அங்குலம். பெல்லட் குழல் வாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். 5.5 மி.மீ. என்று சொல்லப்படும் .22 ஏர்கன், ஆற்றல் குறைவாக இருந்தாலும் லைசென்ஸுக்குள் வந்துவிடும்.

விட்டத்தைப் பெல்லட் டப்பாவைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆற்றல்தான் பலருக்குத் தகராறு. டப்பாவில் போட்டிருக்கும் "ஆயிரம் எஃப்.பி.எஸ்." (நொடிக்கு ஆயிரம் அடி) என்ற விளம்பரத்தை நம்பிப் பெருமையடிக்கிறவர்கள் அதன் அர்த்தத்தை யோசிப்பதில்லை.

கணக்கு இதுதான்: பெல்லட்டின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். எடை கிலோவில், வேகம் நொடிக்கு மீட்டரில். வழக்கமான 8 கிரெய்ன் பெல்லட் சுமார் 0.52 கிராம். நொடிக்கு 900 அடி, அதாவது 274 மீட்டர் வேகத்தில் போனால் 19.5 ஜூல் வரும். எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் ஓரத்தில். அதே பெல்லட் உண்மையிலேயே 1000 அடி வேகத்தில் போனால் 24 ஜூல், எல்லையைத் தாண்டிவிட்டது. 5 கிரெய்ன் சொச்சம் உள்ள லேசான பெல்லட் என்றால் அதே ஆயிரம் அடியில் 16 ஜூலுக்குள் அடங்கும். விளம்பர வேகம் பெரும்பாலும் இந்த லேசான பெல்லட்டில் எடுத்ததாக இருக்கும்.

அதனால் ஊகம் வேண்டாம். பயிற்சி மையத்திலோ ரைஃபிள் கிளப்பிலோ குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால், நீங்கள் வழக்கமாகப் போடும் பெல்லட்டோடு போய், பத்து தடவை சுட்டு, அதிகபட்ச வேகத்தை எழுதி வாங்குங்கள். சராசரியை எழுதாதீர்கள், கேள்வி கேட்கிறவர் அதிகபட்சத்தைத்தான் கேட்பார்.

ஸ்பிரிங் மாற்றியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உப்புக் காற்றில் பழைய ஸ்பிரிங் துருப்பிடித்து, பட்டறையில் கொடுத்து "கொஞ்சம் ஸ்ட்ராங்கா" போடச் சொல்வது நம் பக்கம் சகஜம். கம்பெனிப் பேப்பரில் இருக்கும் எண் அதன் பிறகு செல்லாது.

எல்லையைத் தாண்டிய துப்பாக்கி கையில் இருந்தால் இந்தப் பிரச்சாரத்தில் கலந்துகொள்ளாதீர்கள். நேராக ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், உங்கள் நிலைமையைச் சரிசெய்யுங்கள், அப்புறம் வாருங்கள்.

3. சரணாலயத்திலிருந்து எவ்வளவு தூரம்?

இந்த மாவட்டத்துக்காரர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 34ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சரணாலயம் அறிவிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள், அதற்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுதம் வைத்திருப்பவர், தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தன் பெயரைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டுமல்ல, ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று ஆயுதம் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. "லைசென்ஸே தேவையில்லாத சாமானுக்குப் பதிவு எதற்கு?" என்று கேட்பவர்கள் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

இப்போது வரைபடத்தை எடுங்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர். இத்தனையும் பறவைகள் சரணாலயங்கள், எல்லாமே நம் மாவட்டம். சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் 2022இல் ராம்சார் அங்கீகாரம் (முக்கியமான ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம்) வந்தது, சக்கரக்கோட்டைக்கும் தேர்த்தங்கலுக்கும் 2025இல் வந்தது. சக்கரக்கோட்டைக் கண்மாய் ராமநாதபுரம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டால் நகரமே உள்ளே வந்துவிடும். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 500 ஹெக்டேருக்கு மேல் ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ராமேஸ்வரம் தீவில் ஏர்கன் வைத்திருக்கிறவர்கள் அதை ஒரு செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள்.

கூகுள் மேப்பில் சரணாலய எல்லையிலிருந்து உங்கள் வீடு வரை நேர்கோட்டில் அளந்து பாருங்கள். ரோட்டுத் தூரத்தை எடுக்காதீர்கள், ரோடு சுற்றிப் போகும்.

பத்துக்குள் வந்தால் ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்னிடம் இன்ன வகை, இன்ன விட்டம், இன்ன ஆற்றல் உள்ள ஏர்கன் இருக்கிறது. 34ஆம் பிரிவின்படி பதிவு தேவையா, தேவையென்றால் எந்தப் படிவம் என்று தெரிவிக்கவும். பதிவுத்தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பதில் உடனே வராமல் போகலாம். பரவாயில்லை, கேட்டதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. பிறகு எந்தக் கூட்டத்திலும் "நாங்களே முன்வந்து எழுதிக் கேட்டோம்" என்று சொல்ல முடியும். இதைவிட வலுவான ஒரு வரி உங்கள் பதிலில் வேறு எதுவும் இருக்கப்போவதில்லை.

இன்னொன்று. சரணாலயத்துக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது என்பது 31ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குப் பொருள் மிக அகலம்: வலை, கண்ணி, கத்திகூட அதில் அடங்கும். ஏர்கன் அதில் வருமா என்று வாதாட வேண்டிய தேவையே இல்லை. வண்டி டிக்கியில் உறைக்குள் இருந்தாலும் தனுஷ்கோடிப் பக்கம் எடுத்துப் போகாதீர்கள். படகில் ஏற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடலோரக் காவல், கடற்படை, கோஸ்ட் கார்டு என்று மூன்று கண்கள் பார்க்கும் கடல் இது. தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கிறவருக்கு அது ஏர்கன்னா வேறெதுவுமா என்று எப்படித் தெரியும்?

4. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

ஒவ்வொரு உரிமையாளரும் தனித்தனியாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய ரசீது, துப்பாக்கியில் பொறித்த எண், விட்டம், அளந்த ஆற்றல், வனத்துறைக்கு எழுதிய கடிதம், அதன் ஒப்புகை அட்டை. ரசீது தொலைந்துவிட்டால் கடையில் போய்ப் பழைய பில்லின் நகலைக் கேளுங்கள்.

புகைப்படமும் வையுங்கள். அதிலும் ஒரு கவனம்: துரு ஏறிய குழலை அப்படியே படம் எடுத்தால் நாட்டுத் துப்பாக்கி மாதிரியே தெரியும். எண்ணெய் போட்டுத் துடைத்து, பொறித்த எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுங்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஏர்கன்னுக்கும் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம், அதில் பேச்சே இல்லை. அந்தக் குழப்பத்துக்கு நீங்களே படம் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் பயிற்சி செய்கிறீர்கள் என்றால் பின்தடுப்பையும் படம் எடுங்கள். சாக்கில் மணல் நிரப்பி, இரண்டு வரிசை அடுக்கி, அதன் முன்னால் இலக்கு அட்டை. மணலுக்கு நம் ஊரில் பஞ்சமா? தகரத்திலோ பனங்கட்டையிலோ சுடுகிறவர்கள் உடனே நிறுத்துங்கள், பெல்லட் தெறித்துத் திரும்பும். நம் கரையோரம் சமதரை, மேடு கிடையாது. தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். பக்கத்துக் கொல்லையில் யார் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

5. பறவை விஷயத்தை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்

எதிர்மனுவின் தலையெழுத்தே இந்தப் படியில் இருக்கிறது. கொக்கும் உள்ளானும் மடையானும் கௌதாரியும் சுடப்படுவது உண்மை. ஏர்கன்னாலும் சுடுகிறார்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் கண்மாய்ப் பக்கம் போகிற யாருக்கும் இது தெரியும். "எங்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை" என்று மனுவில் எழுதினால், எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்துப் போட்டு உங்கள் வாயை அடைத்துவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்கள் ஆட்களுக்கே முதலில் சொல்லுங்கள். வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல, கொல்ல முயல்வதும் வேட்டைதான். பெல்லட் படவில்லை, பறவை பறந்துவிட்டது என்பது தப்பிக்கும் வழியாகாது. காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் முன்பு வனவிலங்குச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், அதாவது தொல்லை தரும் உயிரினங்கள் பட்டியலில் இருந்தன, அவற்றைச் சுட்டால் கேட்பாரில்லை. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. 2023 ஏப்ரல் முதல் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. "காக்காயைத்தானே சுட்டேன்" என்கிற பழைய சமாதானம் இனி வேண்டாம்.

மயில் பிரச்சினையைச் சொல்லி விவசாயிகள் வருவார்கள். மிளகாய்ச் செடியை மிதித்து நாசம் பண்ணுகிறது என்பது நியாயமான புகார்தான். ஆனால் மயில் அதிகப் பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணைப் பறவை, தேசியப் பறவை. ஏர்கன்னால் விரட்டினேன் என்று மனுவில் ஒரு வார்த்தை வந்தாலும் அது வாக்குமூலமாகிவிடும். பயிர்ச் சேதத்துக்கு விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் தனியாக மனு கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

6. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

போட்டிக்குப் பயிற்சி செய்கிற பிள்ளைகளின் பெற்றோரை முதலில் சேருங்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக் விளையாட்டு, அதற்கு 4.5 மி.மீ.தான் அளவு. ஒரு பள்ளி மாணவி தன் மதிப்பெண் அட்டையோடு வந்து இரண்டு நிமிடம் பேசினால், பெரியவர்கள் அரை மணி நேரம் பேசுவதைவிட எடுபடும்.

எல்லாரும் மறந்துபோவது பலூன் கடைக்காரர்களை. ஏர்வாடி சந்தனக்கூடு, உத்தரகோசமங்கைத் திருவிழா என்று ஊர் ஊராகப் போய்ப் பலகையில் பலூன் கட்டிச் சுட விடுகிறார்களே, அவர்கள் வயிறே அந்த இரண்டு ஏர்கன்னில்தான் இருக்கிறது. லைசென்ஸ் என்று வந்தால் முதலில் அடிபடப்போகிறவர்கள் அவர்கள்தான். துப்பாக்கி பழசாக இருக்கும், குறிமுனை வளைந்திருக்கும் (அது தெரிந்தே வளைத்ததா என்று கேட்கக் கூடாது), பேப்பர் எதுவும் இருக்காது. அவர்களுக்கு இரண்டாம் படியையும் நான்காம் படியையும் செய்து கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விட வேண்டியவர்களையும் சொல்லிவிடுகிறேன். சுட்ட பறவையோடு ஃபோட்டோ போட்டவர், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் பட்டியலில் வேண்டாம். கீழக்கரையில் ஒருவர் வந்து, "காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), நான் எப்பவோ போட்டது, அழிச்சிட்டேன்" என்று நெருக்கமாகச் சொல்வார். அழித்தது அவர் ஃபோனில்தான், ஸ்கிரீன்ஷாட் வேறு யாரிடமோ இருக்கும். முகம் கோணாமல், "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவையுங்கள்.

7. எண்ணிக்கை கேளுங்கள்

மனுவில் "ஏராளமான சம்பவங்கள்" என்று இருக்கும். எத்தனை? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் வனத்துறைக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

கேள்வியைக் குறுகலாகக் கேளுங்கள். "கடந்த ஐந்து ஆண்டுகளில் ஏர்கன் தொடர்பாகப் பதிவான வழக்குகள் எத்தனை, அவற்றில் 4.5 மி.மீ. எத்தனை, அதற்கு மேல் எத்தனை. பறவை வேட்டை தொடர்பானவை எத்தனை, மனிதர் காயம்பட்டவை எத்தனை." ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வருகிற எண் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாதகமாக வந்தாலும் அது தெரிந்திருப்பது நல்லது, அதற்கு ஏற்ற மாதிரி எழுதலாம். முப்பது நாள் ஆகும் என்பதால் இந்த வேலையை மனுவைப் படித்த மறுநாளே தொடங்கிவிட்டு மற்றப் படிகளைப் பாருங்கள்.

8. இப்போது எழுதுங்கள்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான் பரிந்துரைக்கும் வரிசை: நாங்கள் யார், எதை ஒப்புக்கொள்கிறோம், எதில் மாறுபடுகிறோம், ஏன், நாங்களே செய்யப்போவது என்ன, உங்களிடம் கேட்பது என்ன.

முதல் பத்தி இப்படி இருக்கலாம்: "நாங்கள் 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர்கன் வைத்திருக்கும் கீழ்க்கண்ட ஊர்களைச் சேர்ந்தவர்கள். பறவைகளைச் சுடுவோர் மீது கடும் நடவடிக்கை வேண்டும் என்ற மனுதாரர்களின் கோரிக்கையை முழுமையாக ஆதரிக்கிறோம். லைசென்ஸ் குறித்த கோரிக்கையில் மட்டும் எங்கள் கருத்தைக் கீழே வைக்கிறோம்." கோபத்தோடு படிக்க ஆரம்பித்தவர்கூட இதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவருவார்.

மாறுபடுகிற பத்தியில் ஒரே ஒரு வாதத்தை எடுத்து ஊன்றிச் சொல்லுங்கள். என் கணிப்பில் நிற்கக்கூடிய வாதம் இது: பறவையைச் சுடுகிறவர் இன்றைக்கே வனவிலங்குச் சட்டத்தை மீறுகிறார், அவரைப் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை, ரோந்துதான் தேவை, லைசென்ஸ் வந்தால் வரிசையில் நிற்கப்போவது ரசீது வைத்திருக்கிறவரும் பலூன் கடைக்காரரும்தான். "அரிவாளாலும்தான் வெட்டுகிறார்கள், அரிவாளுக்கு லைசென்ஸ் உண்டா" என்ற வாதத்தை யாராவது கொண்டுவருவார்கள். வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் ஏர்கன்னை நீங்களே அரிவாளோடு சேர்த்துப் பேசியதாகிவிடும்.

மனு போட்டவரின் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாதீர்கள். அவர் எந்தக் கட்சி, எந்த அமைப்பு, எங்கிருந்து பணம் வருகிறது என்பதெல்லாம் டீக்கடையில் பேசுவதற்கு.

"நாங்களே செய்யப்போவது" என்ற பத்திதான் அதிகாரிகள் கோடு போட்டுப் படிப்பது. அதில் செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். சரணாலயங்களைச் சுற்றி வெளியிடத்தில் சுட மாட்டோம். உறை இல்லாமல் எடுத்துப் போக மாட்டோம். பெரியவர் கூட இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டோம். எங்கள் பெயரும் துப்பாக்கி எண்ணும் அடங்கிய பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுக்கிறோம். வேட்டையைப் பார்த்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்கிறோம். பட்டியல் கொடுப்பதற்குச் சிலர் தயங்குவார்கள். அவர்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் கொடுப்பதே நல்லது என்பேன். மறைக்க எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே பெயரை மறைத்தால் யார் நம்புவார்கள்?

கடைசியில் கேட்பது தெளிவாக இருக்கட்டும்: மேலிடத்துக்குப் பரிந்துரை அனுப்புவதற்கு முன் எங்கள் தரப்பையும் அழைத்துக் கேட்க வேண்டும்; எங்கள் மனுவையும் அதோடு இணைத்து அனுப்ப வேண்டும்.

9. எங்கே, எப்போது கொடுப்பது

தீர்மானம் கிராம சபையில் வரப்போகிறது என்றால் அங்கேயே போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். அந்த ஊராட்சியின் வாக்காளர்கள்தான் பேச வேண்டும். வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் காரியம் கெடும். தீர்மானத்தை எதிர்ப்பதைவிட ஒரு திருத்தம் சொல்வது பலனளிக்கும். "ஏர்கன்னைக் கட்டுப்படுத்த" என்று இருக்கும் இடத்தில் "பறவை வேட்டையைத் தடுக்க, வனத்துறை ரோந்தை அதிகப்படுத்த" என்று மாற்றக் கேளுங்கள். பெரும்பாலும் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.

மண்டபம், தொண்டி, சாயல்குடி எல்லாம் பேரூராட்சிகள். ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது. அவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகலாம். நகலில் சீல் வாங்குங்கள், மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நகலை எஸ்.பி. அலுவலகத்துக்கும் வன உயிரினக் காப்பாளருக்கும் கொடுங்கள்.

போகும்போது நாலைந்து பேர் போதும். துப்பாக்கியை எடுத்துப் போகாதீர்கள். சிரிக்க வேண்டாம், "காட்டினால்தானே புரியும்" என்று கேட்டவர்கள் உண்டு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் பையோடு நிறுத்தினால் அன்றைய செய்தி உங்கள் மனுவாக இருக்காது.

10. நிருபரும் வாட்ஸ்அப்பும்

பேச ஒருவரை மட்டும் வையுங்கள். மற்றவர்கள், "அண்ணனைக் கேளுங்க" என்று சொல்லிவிட வேண்டும். அவர் எட்டாம் படியில் எழுதியதை மட்டும் பேசட்டும். துப்பாக்கியோடு போஸ் கேட்டால் மறுத்துவிட்டு, மணல் சாக்கும் இலக்கு அட்டையும் இருக்கும் படத்தைக் கொடுங்கள்.

குழுவில் யாராவது மனு போட்டவரைத் திட்டினால், அட்மின் அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். குழுவில் போட்ட எதுவும் குழுவோடு நிற்பதில்லை.

11. கொடுத்த பிறகு

ஒரு மாதம் கழித்து மனு எண்ணோடு போய் என்ன நிலை என்று கேளுங்கள். பரிந்துரை மேலே போயிருந்தால் எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே ஏர்கன்னுக்கு லைசென்ஸ் கொண்டுவருவது பற்றி அரசு மக்கள் கருத்துக் கேட்டபோது, வந்த பதில்களில் பெரும்பான்மை எதிர்ப்புதான். ஆனாலும் 2015இல் சட்டம் வந்தது. 2016 டிசம்பர் 31 முதல் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது என்றானது. ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பி எண்ணிக்கை காட்டினால் வேலை நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்கட்டும். ஆகவே "முடியவே முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், வந்தால் எப்படி வர வேண்டும் என்பதையும் யோசித்து வையுங்கள்: கட்டணம் எவ்வளவு, ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு எத்தனை மாத அவகாசம், விளையாட்டு வீரர்களுக்கும் பலூன் கடைகளுக்கும் என்ன ஏற்பாடு, விண்ணப்பத்தைத் தாலுகா அளவில் வாங்குவார்களா அல்லது ராமேஸ்வரத்துக்காரர் ஒவ்வொரு தடவையும் ராமநாதபுரம் வர வேண்டுமா.

ஒன்றிய அரசு விதியை மாற்ற வரைவு வெளியிட்டால், 2014இல் வகுத்த கொள்கைப்படி குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு விட வேண்டும். அப்போது உள்துறை அமைச்சகத்துக்கு எழுத வேண்டியது இந்தக் குறிப்புகளிலிருந்துதான். கோப்பில் ஆற்றல் அளவு ஒரு வருடத்துக்கு மேல் பழசாகியிருந்தால் அதற்குள் மறுபடி அளந்துவிடுங்கள். ஸ்பிரிங் மாற்றியிருந்தால் மாற்றிய வாரமே.